ஒல்லியான உடம்பு, தினமும் ஓட்டம், ஆனாலும் பார்டர் சுகர்: எப்போது, எப்படிப் பார்ப்பது?

கேள்வி கேட்டவர்: சிங்காநல்லூர் ரன்னர்

வயது 37. உயரம் 172 செ.மீ., எடை 61 கிலோ, அதாவது பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்ற கணக்கு) 20.6. வாரத்தில் நான்கைந்து நாள் காலையில் ரேஸ் கோர்ஸில் ஓட்டம், ஞாயிறு என்றால் மருதமலை ரோட்டில் சைக்கிள். புகை, மது கிடையாது. ஆபீஸில் எல்லோருக்கும் எடுத்த மாஸ்டர் செக்கப்பில் எனக்கு ஃபாஸ்டிங் (வெறும் வயிற்றுச் சர்க்கரை) 108, மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) 6.1 என்று வந்திருக்கிறது. "பார்டர்ல இருக்கு, வெயிட்டைக் குறைங்க, தினமும் நடங்க" என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். இந்த உடம்பில் எதைக் குறைப்பது, இதற்கு மேல் எவ்வளவு நடப்பது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அப்பாவுக்கு 45 வயதிலேயே சுகர் வந்தது, அவரும் ஒல்லிதான். கால் புண்ணோடு அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் "பார்டர்தானே" என்று விட மனசு வரவில்லை. அதனால் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி வீட்டில் பார்க்க ஆரம்பித்தேன், பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. காலையில் எழுந்ததும் 103 இருக்கிறது, எதுவும் சாப்பிடாமல் ஓடிவிட்டு வந்து பார்த்தால் 128. ஓடினால் குறையத்தானே வேண்டும்? நான்கு இட்லி, சாம்பார் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 178, இரண்டு மணி நேரத்தில் 126. ஒரே விரலில் அடுத்தடுத்து இரண்டு முறை பார்த்தால் 112, 121 என்று வேறு வேறாகக் காட்டுகிறது.

சாதத்தை பாதியாகக் குறைத்துவிட்டேன், எடை 63லிருந்து 61க்கு வந்துவிட்டது, வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். கையில் ஒட்டும் சென்சார் (சிஜிஎம்) வாங்கலாமா? எந்தெந்த நேரத்தில் பார்க்க வேண்டும், எந்த எண்ணுக்குக் கவலைப்பட வேண்டும்? என்னைப் போல ஒல்லியாக, உடற்பயிற்சி செய்துகொண்டே இதில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பதில்: மதுரை லேப்காரர்

சகோ, முதலில் மீட்டர் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். 112, 121 வித்தியாசம் கோளாறே இல்லை. இந்தக் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 15197 என்று ஒரு தரவிதி இருக்கிறது. 100க்குக் கீழே என்றால் லேப் ரிசல்ட்டிலிருந்து 15 புள்ளி வரை, 100க்கு மேலே என்றால் 15 சதவீதம் வரை விலகினாலும் தேறிவிடும். லேபில் 120 என்றால் மீட்டர் 102 காட்டினாலும் சரி, 138 காட்டினாலும் சரி. அதனால் ஒற்றை எண்ணை வைத்து சந்தோஷமும் வேண்டாம், கவலையும் வேண்டாம், போக்கைப் பாருங்கள். சோப்பு போட்டுக் கைகழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். வாழைப்பழம் உரித்த கையோடு பார்த்தால் விரலில் ஒட்டிய சர்க்கரையே எண்ணை எங்கேயோ கொண்டுபோய்விடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள், ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும்.

மீட்டரை வைத்து உங்களுக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, அதற்கு லேபில் கையின் ரத்தநாளத்திலிருந்து எடுக்கும் ரத்தம்தான்.

அப்புறம் அந்த 6.1. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதனால்தான் மூன்று மாத சராசரி என்கிறோம். சிவப்பணுவிலேயே பிரச்சினை இருந்தால் இந்தக் கணக்கு தப்பும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் சர்க்கரை கூடாமலே எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டும், பி12 குறைவும் அப்படித்தான். சிவப்பணு சீக்கிரம் அழியும் நிலையில் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு இரும்பு குறைவது சகஜம். சைவம் என்றால் பி12 மேலும் சந்தேகம். சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பின் அளவு), பி12 மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

உங்கள் கேஸில் நான் முக்கியமாகச் சொல்வது 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட். வெறும் வயிற்றில் ஒன்று, குடித்து ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று. இரண்டு மணி நேரத்தில் 140க்குக் கீழே நார்மல், 140 முதல் 199 வரை பார்டர், 200ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை நோய். பல லேபில் ஒரு மணி நேர ரத்தம் எடுக்க மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2024ல் அந்த ஒரு மணி நேர அளவுக்கும் எல்லை சொல்லிவிட்டது, 155ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். இன்னொன்று, இந்த டெஸ்ட்டுக்கு முந்தைய மூன்று நாளும் சாதம், இட்லி எல்லாம் வழக்கம்போல் சாப்பிட்டிருக்க வேண்டும், மாவுச்சத்து ஒரு நாளைக்கு 150 கிராமாவது உள்ளே போக வேண்டும். நீங்கள் சாதத்தை வெட்டியிருக்கும் நிலையில் நேராகப் போய்க் குடித்தால், பழக்கம் விட்ட உடம்பு தடுமாறி எண் பொய்யாக ஏறும். முந்தின நாள் கடும் ஓட்டமும் வேண்டாம்.


பதில்: வேளச்சேரி தேன்மொழி

உங்கள் பதிவைப் படித்ததும் என்னைப் பற்றியே யாரோ எழுதியது போல இருந்தது தம்பி. நான் 50 கிலோ, வாரம் மூன்று நாள் பேட்மிண்டன், மகன் வயிற்றில் இருந்தபோது வந்த சுகர் பிரசவத்தோடு போனது, பல வருடம் கழித்துப் பார்டராகத் திரும்பி வந்தது. "உனக்கா? சுகரா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

முதலில் ஒல்லியாக இருந்தும் ஏன் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்தால்தான் என்ன பார்க்க வேண்டும் என்பது புரியும். 2004ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஊர் உடம்பின் கதை முழுவதும் அந்த ஒரு படத்தில் இருக்கிறது. எடை மெஷின் நம்மை ஒல்லி என்கிறது, உள்ளே தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு கூடுதல். கூடவே இன்சுலின் சுரக்கும் திறனும் நம்மவர்களில் பலருக்குச் சீக்கிரமே தளர்கிறது. உங்கள் இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள், இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை, பெண்களுக்கு 80. அது நன்றாகக் கீழே இருந்தால் உங்களுக்குக் கொழுப்பைவிட இன்சுலின் சுரப்புதான் பலவீனமான இடம் என்று சந்தேகிக்கலாம்.

அதனால் தயவுசெய்து இன்னும் எடையைக் குறைக்காதீர்கள். சாதத்தை வெட்டி அந்த இடத்தில் எதுவும் வைக்காமல் விட்டால் போவது தசைதான். சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வதே தசை, அதையும் இழந்துவிட்டு என்ன செய்வது? எடை குறையாமல் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006ல் வெளிவந்தது. 531 பேர், எல்லோரும் உங்களைப் போலப் பார்டரில் இருந்தவர்கள். உணவும் நடையும் மாற்றியவர்களுக்கு மூன்று வருடத்தில் நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது, எடை பெரிதாகக் குறையாமலே. அதே ஆய்வில் எதையும் மாற்றாத குழுவில் பாதிக்கு மேல், 55 சதவீதம் பேர், அந்த மூன்று வருடத்திலேயே சர்க்கரை நோய்க்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு இது வேகமாக நகர்கிறது. சீனாவில் டாச்சிங் நகரில் 1986ல் தொடங்கிய ஆய்விலும் ஒல்லியானவர்களை எடை குறைக்கச் சொல்லவில்லை, அவர்களுக்கும் பலன் கிடைத்தது.

இப்போது எப்போது பார்ப்பது. உங்கள் எண்களைப் பார்த்தால் வெறும் வயிற்று அளவைவிட சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுவதுதான் பெரிய விஷயம், அதனால் காலை 103ஐ தினமும் பார்த்துக்கொண்டிருப்பதில் பிரயோசனம் இல்லை. ஒரு சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் ஒன்று, முதல் கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து கணக்கிட்டு ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று. அடுத்த தடவை அதே சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். நான்கு இட்லிக்குப் பதில் இரண்டரை இட்லி, இரண்டு முட்டை. அல்லது அதே நான்கு இட்லி, சாப்பிட்டதும் கால் மணி நேர நடை. எது எவ்வளவு குறைக்கிறது என்று உங்கள் உடம்பே சொல்லும், இதைச் சொல்ல எந்தப் புத்தகத்தாலும் முடியாது. எனக்கு ராகிக் கூழ் இட்லியைவிட அதிகம் ஏற்றியது, சிறுதானியம் என்று நம்பி டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருந்தேன். ராகி ஆனாலும் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் மாவு மாவுதான். கொண்டைக்கடலை சுண்டலும் பொரியலும் முதலில், சாதம் கடைசியில் என்று வரிசையை மாற்றியது மட்டுமே மதியத்தில் நல்ல வித்தியாசம் கொடுத்தது.

காலை ஆறு மணிக்கு ஓடியது மதியம் ஒரு மணி சாப்பாட்டை முழுதாகக் காப்பாற்றாது. ஓடிவிட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தால் அந்த ஒன்பது மணி நேரம் தனிக் கணக்கு. சாப்பிட்ட கையோடு நடந்தால், வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆபீஸில் மாடிப்படி ஏறி இறங்குங்கள், போதும். ஓட்டத்தில் ஒரு நாளை எடுத்துவிட்டு வாரம் இரண்டு நாள் பளு தூக்குங்கள், குறிப்பாகத் தொடைக்கு. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கை கொடுத்தது.

ஓடிவிட்டு வந்ததும் 128 என்பதற்குப் பயப்படவே வேண்டாம். வேகமாக ஓடும்போது அட்ரினலின் ஏறும், கல்லீரல் சேமித்த சர்க்கரையை அவிழ்த்துவிடும், தசை எடுப்பதைவிட அது விடுவது கொஞ்ச நேரம் அதிகமாக இருக்கும். அப்புறம் தானாக இறங்கும், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தெரியும். நோய் இல்லாதவர்களுக்கும் இது நடக்கும்.


பதில்: ஜூரோங் குமரன்

சென்சார் பற்றி மட்டும் சொல்கிறேன், சிங்கப்பூரில் ஃப்ரீஸ்டைல் லிப்ரே போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்று 14 நாள் வரும். முதல் நாள் எண்களை நம்ப வேண்டாம், அது செட்டாக நேரம் எடுக்கும். அது ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியில் உள்ள திரவத்தை அளக்கிறது, அதனால் சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கும். அந்தக் கை அடியில் போகும்படி ஒருக்களித்துப் படுத்தால் நள்ளிரவில் 60க்குக் கீழே காட்டும். அது பொய்யான இறக்கம், எழுந்து சர்க்கரை அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். வைட்டமின் சி மாத்திரை அதிக அளவில் எடுத்தால் எண் கூடுதலாகக் காட்டும்.

என் கருத்து: ஒரே ஒரு சென்சார் போட்டு, வழக்கமான வாரம், ஓடிய நாள், ஓடாத நாள், கல்யாணச் சாப்பாடு எல்லாம் அதில் வருகிற மாதிரி வாழ்ந்து பாருங்கள். தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள், காசும் போகும், நிம்மதியும் போகும். அந்த வளைகோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பழத்தைக் கண்டாலே பயம் வந்துவிடும், எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படியே சாப்பாட்டை வெட்டி வெட்டி மெலிந்துபோனார். 2019ல் வந்த ஒரு ஆய்வில் சர்க்கரை நோயே இல்லாத 153 பேருக்கு சென்சார் போட்டுப் பார்த்தார்கள். அவர்களும் ஒரு நாளில் ஏறத்தாழ அரை மணி நேரம் 140க்கு மேல்தான் இருந்தார்கள். கோடு நேராக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே தவறு.


பதில்: வேளச்சேரி தேன்மொழி

குமரன் சொல்வதில் பெரும்பகுதி சரி, ஆனால் அந்த 153 பேர் நோய் இல்லாதவர்கள். தம்பிக்கு இட்லிக்கு 178 போகிறது, அப்பாவுக்குச் சுகர் இருந்திருக்கிறது. "எல்லோருக்கும் ஏறும்" என்று அவரை ஆறுதல்படுத்திவிடக் கூடாது. எவ்வளவு உயரம் போகிறது என்பதோடு எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் 126க்கு இறங்கியது நல்ல செய்தி.


பதில்: அஸ்தம்பட்டி பெரியவர்

தம்பி, ஒல்லியான உடம்பில் சுகர் வந்தால் எந்த வகை என்று முதலில் கேட்க வேண்டும். என் தம்பிக்கு 41 வயதில் வந்தது, உங்களைப் போலவே சதை இல்லாத உடம்பு. வழக்கமான வகை இரண்டு (டைப் 2) என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், டோஸை ஏற்றிக்கொண்டே போனார்கள், சர்க்கரை அடங்கவில்லை, ஆள் மெலிந்துகொண்டே போனான். வேறொரு டாக்டர்தான் ஜிஏடி ஆன்டிபாடி (கணையத்தை உடம்பே தாக்குகிறதா என்று காட்டுவது), சி-பெப்டைட் (இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டுவது) என்ற இரண்டு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தை மெதுவாகத் தின்னும் வகையாம், லாடா என்கிறார்கள். இன்சுலின் ஆரம்பித்த பிறகுதான் அவன் முகத்தில் களை வந்தது.

உங்களுக்கு அது என்று சொல்லவில்லை, அப்பாவுக்கும் இருந்திருப்பதால் குடும்பத்தில் வருவதாகவே இருக்கலாம். அதிலும் ஒரு வகை இருக்கிறது, குளுக்கோகைனேஸ் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் வெறும் வயிற்று அளவு மட்டும் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் கூடி அப்படியே நிற்கும், பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. அப்பாவுக்குக் கால் புண் வரை போயிருப்பதால் உங்கள் வீட்டில் இருப்பது அந்தச் சாது வகை இல்லை என்றுதான் தோன்றுகிறது. எதற்கும் சர்க்கரை நோய் நிபுணர் ஒருவரிடம் போய் ஜிஏடி, சி-பெப்டைட் தேவையா என்று நேராகக் கேளுங்கள். சாப்பாட்டைக் குறைக்காமலே எடை இறங்கினாலோ, தாகம் கூடினாலோ, ராத்திரி பலமுறை சிறுநீருக்கு எழுந்தாலோ அடுத்த மூன்று மாத டெஸ்ட் வரை காத்திருக்கக் கூடாது, அந்த வாரமே போய்விட வேண்டும். ஸ்டீராய்டு ஊசி, மாத்திரை ஏதாவது சமீபத்தில் எடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் ஏற்றும்.


பதில்: சிங்காநல்லூர் ரன்னர்

இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. இடுப்பு அளந்தேன், 78 செ.மீ. சாதத்தைப் பழைய அளவில் பாதிக்கு மேல் கொண்டுவந்து, பருப்பும் முட்டையும் சேர்த்துவிட்டேன். ஃபெரிட்டின், பி12, குளுக்கோஸ் டெஸ்ட், ஒரு மணி நேர ரத்தமும் சேர்த்து, அடுத்த வாரம் எடுக்கிறேன். நிபுணரிடம் நேரம் வாங்கியாயிற்று, பெரியவர் ஐயா சொன்ன இரண்டு டெஸ்ட்டையும் கேட்கிறேன்.

இரண்டு சந்தேகம் பாக்கி. இப்படி ஆழமாகப் பார்ப்பதை எத்தனை நாளைக்குத் தொடர்வது? ஞாயிறு சைக்கிளில் மூன்று மணி நேரம் போகும்போது பேரீச்சம்பழம், வாழைப்பழம், எலக்ட்ரோலைட் எல்லாம் சாப்பிடுவேன், அதை நிறுத்த வேண்டுமா?


பதில்: வேளச்சேரி தேன்மொழி

தம்பி, இரண்டு மூன்று வாரத்தில் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் பத்துப் பன்னிரண்டு சாப்பாட்டின் கதை தெரிந்துவிடும். அதன்பிறகு மீட்டரை உள்ளே வையுங்கள். புதிதாக ஏதாவது சாப்பாடு பழகும்போது, காய்ச்சல் வந்து எழும்போது, தூக்கம் கெட்டு வேலை பார்த்த நாட்களில் எடுத்தால் போதும். எச்பிஏ1சி இந்த வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நிலையாக நின்றால் அப்புறம் ஆறு மாதம். எப்போதும் ஒரே லேபில் கொடுங்கள்.

மூன்று மணி நேர சைக்கிளில் பழத்தை நிறுத்தாதீர்கள், தசை அப்போது அதை வந்த வேகத்தில் எரித்துவிடும். நிறுத்தினால் பாதி வழியில் தலை சுற்றும், வீட்டுக்கு வந்து கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிடுவீர்கள். முக்கால் மணி நேர ஓட்டத்துக்கு மட்டும் பேரீச்சம்பழமும் இனிப்பு எலக்ட்ரோலைட்டும் தேவையில்லை, தண்ணீர் போதும். சைக்கிள் முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடும் சாதத்தைப் பக்கத்தில் மீட்டர் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், அதே அளவு சாதத்தை ஆபீஸ் நாள் மதியத்திலும் பார்த்து இரண்டையும் போடுங்கள்.